முயல் இனத்தரம் தேடிப்போன கதை

2022 ஆம் ஆண்டுதான் எங்கள் வளவில் முதல் முயல்கூடு அடித்தோம். அந்த வருடத்தைப் பற்றி நான் பெரிதாகச் சொல்லத் தேவையில்லை. பசளை இல்லாமல் வயல் பாதியாக விளைந்தது. எரிபொருளுக்கு வரிசை. கோழித்தீன் விலை ஒவ்வொரு கிழமையும் ஏறி, கடைசியில் விசுவமடுவில் எங்கள் பக்கத்து நாலைந்து வீடுகளில் கோழிக்கூடே வெறுமையாகிவிட்டது. புல்லையும் முள்முருக்கு இலையையும் தின்று வளரும் பிராணி, 31 நாளில் குட்டி போடும் என்று சொன்னார்கள். சரி என்று இரண்டு சோடி வாங்கினேன். ஒரு சோடி 'சுத்த நியூசிலாந்து வெள்ளை', மற்றது 'சுத்த கலிபோர்னியன்'. விற்றவர் அப்படித்தான் சொன்னார், நானும் அப்படியே நம்பினேன். ஒரு இனம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் அளவு, அதாவது இனத்தரம், ஒன்றும் அப்போது என்னிடம் இருக்கவில்லை.

அந்த அளவு இல்லாததால் நான் செய்த இரண்டு பிழைகளை முதலில் சொல்கிறேன். இரண்டும் இன்றைக்கும் மனதுக்குக் கஷ்டமானவை.

முதலாவது, பல். நியூசிலாந்துச் சோடியின் முதல் ஈற்றில் ஒரு கடுவன் மற்றக் குட்டிகளைவிடப் பெரிதாக வந்தான். இரண்டு மாதத்தில் அவனுடைய கீழ்ப்பல் மேற்பல்லுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு நின்றது. தடி கடிக்காததால் பல் நீண்டுவிட்டது என்று நினைத்து வெட்டிவிட்டேன். திரும்ப வளர்ந்தது, திரும்ப வெட்டினேன். உடம்பு பெரிது என்ற ஒரே காரணத்தால் அவனையே இனத்துக்கு வைத்து, அவனோடு ஒரே ஈற்றில் பிறந்த பெட்டையோடேயே சேர்த்தும் விட்டேன். அடுத்த ஈற்றில் ஐந்து குட்டிகளுக்கு அதே பல். தீன் எடுக்க முடியாமல் அவை மெலிந்து மெலிந்து போனதைப் பார்த்த பிறகுதான் இது தடி கடிக்காத பிரச்சினை இல்லை, பரம்பரையாக வருவது என்று விளங்கியது.

இரண்டாவது, கலிபோர்னியன் குட்டி ஒன்று. மார்கழி மழையில் வாடைக்காற்று கூட்டுக்குள் அடித்து, குட்டிப்பெட்டி நனைந்துவிட்டது. அந்த ஈற்றில் ஒரு குட்டிக்கு முதுகில் சாம்பல் நிறம் படர்ந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் கலப்பு என்றார்கள். ஒருவர் காட்டு முசலோடு கலந்திருக்கும் என்றுகூடச் சொன்னார். (அது நடக்கவே முடியாத விஷயம். எங்கள் காட்டு முசல் வேறு பிராணி. அதற்கு 48 நிறமூர்த்தம் (குரோமோசோம்), வீட்டு முயலுக்கு 44. இரண்டும் சேர்ந்து குட்டி போடாது.) நான் அந்தக் குட்டியைக் கறிக்குக் கொடுத்துவிட்டேன். கலிபோர்னியன் குட்டிக்குக் குளிர் பட்டால் முதுகில் அப்படிச் சாம்பல் படரும், முதிர்ந்த மயிர் வரும்போது அது தானாக உதிர்ந்து வெள்ளையாகும் என்பது ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஈற்றிலேயே நாரி, அதாவது முதுகின் இடுப்புப் பக்கம், அகலமான குட்டி அதுதான்.

பல் விஷயத்துக்குப் பிறகுதான் தேடத் தொடங்கினேன். நியூசிலாந்து வெள்ளை எப்படி இருக்க வேண்டும் என்று எங்காவது ஒருவர் எழுதி வைத்திருக்கத்தானே வேண்டும்? நெல்லுக்கு இனம் சொல்ல ஆள் இருக்கிறது, மாட்டுக்கு இருக்கிறது. முயலுக்கு மட்டும் இல்லாமல் போகுமா?

முதலில் ஒரு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் மரியாதையாகப் பேசினார். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் கைநூல் இருந்தது. முயலுக்கு ஒரே ஒரு துண்டுப்பிரசுரம், அதிலும் கூட்டின் நீள அகலமும் தீன் அளவும்தான். அடுத்ததாக மகள் போனில் தமிழ்நாட்டுத் தகவல்களைத் தேடி எடுத்துத் தந்தாள். சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜயன்ட், நியூசிலாந்து வெள்ளை என்று இனப்பெயர்கள் இருந்தன. கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில் முயல் வளர்க்கும் அரச ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. தீனுக்கும் நோய்க்கும் அந்தத் தகவல்கள் நல்ல உதவி. ஆனால் இனத்தைப் பற்றி 'வெள்ளை நிறம், சிவந்த கண், நாலைந்து கிலோ' என்பதோடு முடிந்துவிடும். சந்தையில் நிற்கும் எந்த வெள்ளை முயலுக்கும் அது பொருந்தும். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு விவசாய அமைப்பு முயல் வளர்ப்புப் பற்றி வெளியிட்ட பெரிய நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வெப்பநாட்டில் வளர்ப்பவர் கட்டாயம் பார்க்க வேண்டியது அது. ஆனால் என் கேள்விக்கான விடை அதிலும் இல்லை.

எங்கள் தேடலின் குறையே சரியான பெயர் தெரியாததுதான். 'நல்ல முயல் எப்படித் தெரிவது', 'சுத்த இனம் கண்டுபிடிப்பது' என்றெல்லாம் மகள் தேடிக்கொண்டிருந்தாள். தோட்டக்காரர் ஒருவரின் மகன், பேராதனையில் படித்த தம்பி, ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது சொன்னார்: "அக்கா, நீங்கள் தேடுறதுக்குப் பேர் பிரீட் ஸ்டாண்டர்ட். அந்தப் பேரைப் போட்டுப் பாருங்கோ." அன்று இரவே கிடைத்துவிட்டது. அந்த இரண்டு சொல்லுக்காக ஒன்பது மாதம் அலைந்திருக்கிறேன். அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தமிழில் நான் இதை இனத்தரம் என்று எழுதுகிறேன், ஆனால் தேடும்போது ஆங்கிலப் பெயரையே ஆங்கில எழுத்தில் (breed standard) போடுங்கள்.

இனத்தரம் எழுதி வெளியிடும் சங்கங்கள் பல நாடுகளில் உண்டு. எங்களைப் போன்றவர்களுக்கு உதவக்கூடியவை இரண்டு. ஒன்று அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கம். 1910 இல் தொடங்கியது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை 'ஸ்டாண்டர்ட் ஒஃப் பெர்ஃபெக்ஷன்' என்ற புத்தகத்தைத் திருத்தி வெளியிடும். ஐம்பதுக்கும் அதிகமான இனங்களைப் படத்தோடும், முயல் போட்டியில் கொடுக்கும் புள்ளி வரிசையோடும் விவரிக்கும் புத்தகம் அது. காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். மற்றது பிரித்தானிய முயல் மன்றம். அவர்களுடைய இனத்தரங்களை அவர்களின் இணையத்தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் புத்தகம் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். முதலில் இலவசமானதை எடுங்கள். அதுவும் முழுவதும் வேண்டாம். உங்கள் கூட்டில் நிற்கும் இனத்தின் பக்கமும், எல்லா இனத்துக்கும் பொதுவான குறைகள் பற்றிய பக்கங்களும் போதும். நான் எடுத்தது ஆறு தாள். முல்லைத்தீவு வீதியில் ஒரு கடையில் அச்செடுத்தேன்.

அமெரிக்கப் புத்தகத்தைப் படம் பிடித்த கோப்பு ஒன்று ஒருவர் அனுப்பினார். பாதிப் பக்கம் இல்லை, எந்த வருடத்துப் பதிப்பு என்றும் தெரியவில்லை. நான் அதை வைத்துக்கொள்ளவில்லை. வருடம் தெரியாத அளவு எனக்கு எதற்கு? அதோடு அந்தப் புத்தகம் விற்கும் காசில்தான் அந்த வேலை நடக்கிறது. ஏழைகள் நாங்கள் என்பதற்காக மற்றவர்களின் உழைப்பை எடுத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தாள் கையில் வந்தாயிற்று. அடுத்த தடை ஆங்கிலம். மகள் உயர்தரம் படிக்கிறாள். அவள் ஒவ்வொரு சொல்லாக அகராதி பார்த்து எழுதியதை வாசித்தால் ஒன்றும் விளங்கவில்லை. 'இடுப்புப் பிரதேசம்', 'பின்பாகம்', 'தோட்பட்டை' என்று மனிதருக்கு எழுதிய மாதிரி இருந்தது. அப்போது விறாந்தையில் இருந்த மாமாதான், என் கணவரின் அப்பா, "என்ன பிள்ளை, அதை ஒருக்கா எனக்குச் சொல்லு" என்றார்.

மாமா ஐம்பது வருடம் ஆடு வாங்கி விற்றவர். கண்ணை மூடிக்கொண்டு ஆட்டின் முதுகில் கை வைத்து நிறை சொல்வார். மகள் வாசிக்க வாசிக்க, அவர் ஒரு பெட்டை முயலை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே சொன்னார்: "இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கினம்? இது நாரி. இது சப்பை. நாரி ஒடுங்கிக் கிடந்தால் கறி இல்லை, சப்பை சரிஞ்சால் கறி இல்லை. முள்ளு கையிலை குத்தக்கூடாது. அவ்வளவுதான்." இங்கிலாந்தில் எழுதியதும் எங்கள் மாமா சொன்னதும் ஒன்றுதான். அன்றைக்கு இரவு பத்து மணி வரை மூன்று பேரும் விளக்கடியில் இருந்து அந்த ஆறு தாளையும் எங்கள் சொல்லில் ஒரு கொப்பியில் எழுதி முடித்தோம். இந்த முயற்சி முழுவதிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது அந்தக் கொப்பிதான்.

அதில் உள்ள முக்கியமானவற்றை இங்கே சொல்கிறேன். நியூசிலாந்து வெள்ளைக்கு, எட்டு மாதம் தாண்டிய கடுவன் 9 முதல் 11 இறாத்தல். கிலோவில் ஏறத்தாழ 4.1 இலிருந்து 5 வரை. பெட்டை 10 முதல் 12 இறாத்தல், அதாவது 4.5 இலிருந்து 5.4 கிலோ வரை. கலிபோர்னியன் கொஞ்சம் சிறிது. அமெரிக்கத் தரப்படி கடுவன் 8 முதல் 10 இறாத்தல், பெட்டை எட்டரை முதல் பத்தரை. பெட்டைதான் பெரிதாக இருக்க வேண்டும் என்பது எனக்குப் புதிய செய்தி. எங்கள் ஊரில் எல்லாரும் பெரிய கடுவனைத்தான் தேடுவோம்.

உடம்பைப் பார்க்க முதல் முயலைச் சரியாக இருத்த வேண்டும். முன்கால் விரல்கள் கண்ணுக்கு நேர் கீழே வர வேண்டும். பின்கால் விரல்கள் பின்முழங்காலுக்கு நேரே வர வேண்டும். நீட்டிப் படுத்த முயலும் ஒடுங்கிப் பயந்து நிற்கும் முயலும் பொய் சொல்லும். அப்படி இருத்திவிட்டுப் பக்கத்திலிருந்து பார்த்தால், முதுகுக்கோடு தோளிலிருந்து மெல்ல உயர்ந்து, இடுப்புக்கு மேலே உச்சிக்கு வந்து, வாலடிக்கு வழுவழுப்பாக இறங்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பின்பக்கம் தோளைவிடச் சற்று அகலம். உயரமும் அகலமும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மயிரை வாலிலிருந்து தலைப்பக்கம் எதிராகத் தடவி விட்டால் உடனே திரும்பிப் படிய வேண்டும், எழும்பியே நிற்கக்கூடாது.

அமெரிக்கத் தரத்தில் இறைச்சி இனங்களின் புள்ளி வரிசையைப் பாருங்கள். மொத்தம் நூறு புள்ளி, அதில் பெரும்பங்கு உடலமைப்புக்குத்தான். காது, கண், நிறம் எல்லாம் பின்னால்தான் வருகின்றன. நாங்களோ சந்தையில் காதின் நீளத்தையும் கண்ணின் சிவப்பையும் பார்த்துக் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

குறையில் இரண்டு வகை உண்டு. ஒன்று புள்ளி குறைவது. மற்றது போட்டியிலிருந்தே தள்ளிவிடுவது. இந்த இரண்டாவது பட்டியலைத்தான் முதலில் படிக்கச் சொல்வேன். கீழ்ப்பல் மேற்பல்லுக்கு முன்னால் நிற்பது அதில் இருந்தது. அதை மகள் வாசித்தபோது நான் எழும்பிக் கூட்டடிக்குப் போய்விட்டேன். ஒரு தாள் எட்டு மாதம் முந்திக் கிடைத்திருந்தால் அந்த ஐந்து குட்டிகளும் பிறந்திருக்காது. வயதுக்கு வந்த கடுவனுக்கு விதை இரண்டும் இறங்கியிருக்க வேண்டும். முன்காலில் ஐந்து நகம், பின்காலில் நான்கு. கண் மங்கியிருக்கக்கூடாது. இதைப் பார்க்க ஒரு முயலுக்கு இரண்டு நிமிடம் போதும். வாங்கும் இடத்திலேயே பாருங்கள். வாயைத் திறந்து காட்ட விடாத ஆளிடம் வாங்காதீர்கள்.

நிறுக்க நாங்கள் மீன் நிறுக்கும் தொங்குதராசில் பனையோலைக் கடகத்தைக் கட்டினோம். முயல் கடகத்துக்குள் அமைதியாக இருக்கும், அடியில் ஒரு சாக்குத்துண்டு போட்டால் போதும். கடகத்தின் நிறையைக் கழிக்க மறக்காதீர்கள். ஒரு நாள் எல்லா முயலையும் நிறுத்து எழுதினேன். 'சுத்த நியூசிலாந்து' என்று வாங்கிய கடுவன் 3.2 கிலோ. பெட்டை 3.6.

இங்கேதான் அவசரப்படாமல் யோசிக்க வேண்டும். இனத்தரத்தில் சொன்ன நிறை குளிர்நாட்டில், உருண்டைத் தீன் போட்டு வளர்த்த முயலுக்குரியது. எங்கள் முயலோ சித்திரை வெயிலிலும் ஆனி ஆடிச் சோளகத்திலும் தகரக் கூரைக்குக் கீழே நின்று இலை தின்றது. வெப்பம் 30 பாகை செல்சியசுக்கு மேலே போனால் முயல் தீன் குறைத்துவிடும், கடுவனின் விந்தும் சில கிழமைகளுக்குக் கெட்டுவிடும். ஆகவே நிறை குறைவு என்பதற்காக இனம் பிழை என்று உடனே சொல்ல முடியாது. நான் தகரத்துக்கு மேலே கிடுகு போட்டேன், கூட்டை வேப்பமரத்துக்குக் கிழக்கே மாற்றினேன், பகல் தீனைக் குறைத்து இரவுத் தீனைக் கூட்டினேன். அதே பெட்டை அடுத்த மாரியில் 4 கிலோவைத் தொட்டது. கடுவன் 3.4 இலேயே நின்றான், நாரியும் ஒடுக்கம். அவனுக்கு வெயிலைக் காரணம் சொல்ல முடியாது.

கலிபோர்னியனுக்கும் இப்படித்தான். மூக்கு, காது, கால், வால் கறுப்பாக இருக்க வேண்டும் என்று தரம் சொல்கிறது. அந்த நிறம் உடம்பின் குளிர்ந்த பாகங்களில்தான் பிடிக்கும். எங்கள் கோடையில் அது மங்கித் தேயிலைச் சாயம் மாதிரி ஆகிவிடும். மாரியில் திரும்பக் கறுக்கும். கோடையில் நிறம் பார்த்து ஒரு முயலைக் கழிக்காதீர்கள். முன்பு சொன்ன சாம்பல் குட்டியின் கதையையும் இதே காரணம்தான் விளக்குகிறது. ஆனால் அந்தக் குட்டி விஷயம் இனத்தரத்தில் எழுதியிருக்கவில்லை. வெளிநாட்டில் கலிபோர்னியன் வளர்க்கும் ஒரு அம்மாவுக்கு மகள் மின்னஞ்சல் எழுதினாள், அவர்தான் சொன்னார். அறிமுகம் இல்லாதவருக்கு எழுதும்போது 'எல்லாத் தகவலும் அனுப்புங்கள்' என்று கேட்டால் பதில் வராது. ஒரு படம், ஒரு கேள்வி. சரியாக இருத்தி, பக்கத்திலிருந்தும் மேலிருந்தும் எடுத்த படம். நாங்கள் நாலு பேருக்கு எழுதினோம், மூன்று பேர் அன்பாகப் பதில் தந்தார்கள்.

அமெரிக்கப் புத்தகம் 2024 இல் வந்தது. ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் 2021 முதல் 2025 வரைக்கான பதிப்பைப் பழையதாக வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டா. படம் இருப்பதால் அது பெரிய உதவி. ஆனால் உண்மையைச் சொன்னால், புத்தகம் இல்லாமலே நான் முக்கால்வாசி வேலையை முடித்திருந்தேன். வீட்டளவில் வளர்ப்பவர் புதிய பதிப்புக்கு ஏங்கத் தேவையில்லை. எங்கள் நாட்டில் போட்டிக்கு நிறுத்தப் போவதில்லை. புதுப் பதிப்பு வரும்போது வெளிநாட்டில் பழையதை மலிவாகக் கழிப்பார்கள், உறவினரிடம் சொல்லிவைத்தால் போதும்.

இனத்தரம் சொல்லாத விஷயங்களும் உண்டு. ஈற்றுக்கு எத்தனை குட்டி, அதில் எத்தனை பால்குடி மறந்தன, தாய் குட்டியைக் கவனிக்கிறதா, எந்த வயதில் இரண்டு கிலோ வந்தது. இதெல்லாம் உங்கள் கொப்பியில்தான் இருக்க முடியும். அமெரிக்காவில் இடக்காதில் பச்சை குத்தி இலக்கம் போடுவார்கள். அந்தக் கருவி என்னிடம் இல்லை. அழியாத மை பேனையால் இடக்காதின் உள்ளே எழுதி இரண்டு கிழமைக்கு ஒருமுறை புதுப்பிக்கிறேன். கூட்டில் ஒரு அட்டை, அதில் தாய், தகப்பன், அவர்களின் தாய் தகப்பன். அந்த அட்டை இருந்திருந்தால் அண்ணனையும் தங்கையையும் சேர்த்திருக்க மாட்டேன்.

நல்ல கடுவன் வேண்டும் என்று சிலர் கடல் வழியாக இந்தியாவிலிருந்து இறக்குவது பற்றி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். வேண்டாம். உயிர்ப்பிராணி கொண்டுவர கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் அனுமதியும் தனிமைப்படுத்தலும் வேண்டும். அது சட்டத்துக்காக மட்டும் இல்லை. எங்கள் மண்ணில் இல்லாத ஒரு நோய் வந்தால் தர்மபுரத்திலிருந்து புதுக்குடியிருப்பு வரை ஒரு கூடும் மிஞ்சாது. நாங்கள் செய்தது வேறு. முயல் வைத்திருக்கும் ஏழு வீட்டுக்காரர் சேர்ந்து, கொப்பியில் உள்ளதை ஒரு பக்க அட்டையாக எங்கள் சொல்லிலேயே எழுதி, ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டோம். எல்லாருடைய முயலையும் ஒரே நாளில் நிறுத்தோம். மாங்குளத்து அக்கா ஒருவரிடம் 4.3 கிலோவில், பல்லும் நாரியும் சரியான ஒரு கடுவன் நின்றான். அவருக்கே அவனுடைய பெறுமதி தெரியாது, தீபாவளிக்குக் கறிக்குக் கொடுக்க இருந்தவர். இப்போது அவனுடைய குட்டிகள் நாலு வீட்டில் நிற்கின்றன.

எங்கள் வீட்டில் நிற்பவை மூன்று பெட்டைகள். வருகிற மாதம் எட்டு மாதம் முடிகிறது. கடகம் தராசுக்குப் பக்கத்திலேயே தொங்குகிறது. மாமா மட்டும் பொறுமை இல்லாமல் தினமும் பின்னேரம் ஒன்றைத் தூக்கி மடியில் வைத்து நாரியைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதை வித்துப்போடாதை பிள்ளை" என்கிறார். முடிவை நிறுத்த பிறகு சொல்வோம் என்று நான் சொல்லிவைத்திருக்கிறேன்.